போஸ்ட்கிரெஸுக்கு விஎஸ் கோடு எக்ஸ்டென்ஷன்: தேதி ஒரு நாள் முந்திக் காட்டுகிறது, யாராவது பார்த்துச் சொல்லுங்கள்

பனியன்நகர்க்காரன்:

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் ஏற்றுமதிப் பின்னலாடை செய்யும் ஒரு கம்பெனியின் சாஃப்ட்வேர் பிரிவில் இருக்கிறேன். நாங்கள் மொத்தமே நான்கு பேர். ஆர்டர், நூல், டையிங், கட்டிங், பேக்கிங் எல்லாம் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் கிடக்கின்றன. டேபிள்கள் மட்டும் 340.

நாள் முழுக்க விஎஸ் கோடு என்ற கோடு எழுதும் மென்பொருளில்தான் உட்கார்ந்திருக்கிறோம். டேட்டா பார்க்க மட்டும் வேறு மென்பொருளுக்குத் தாவ வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் எக்ஸ்டென்ஷன்கள் (விஎஸ் கோடில் சேர்க்கும் துணை நிரல்கள்) நல்லவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்களுக்குத் தேவையானது கொஞ்சம் வேறு. கோடில் இருக்கும் ஒரு ஸ்டைல் நம்பரைத் தேர்ந்தெடுத்து ஒரு கீயை அழுத்தினால், அந்த ஸ்டைலின் ஆர்டர், பேக்கிங் வரிகள் பக்கத்திலேயே விரிய வேண்டும். அதனால் மூன்று மாதமாக, வேலை முடிந்த பிறகு ராத்திரியில் உட்கார்ந்து நானே ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். டைப்ஸ்கிரிப்ட்தான். டேட்டாபேஸ் இணைப்புக்கு நோட் போஸ்ட்கிரெஸ் லைப்ரரி, இடப்பக்கம் டேபிள்களைக் கிளை கிளையாகக் காட்டும் மரம், விடையைக் காட்ட ஒரு வெப்வியூவுக்குள் (விஎஸ் கோடுக்குள் திறக்கும் வெப் பக்கம்) கிரிட், அதாவது கட்டமிட்ட அட்டவணை.

இப்போது பெரிய சிக்கல் தேதியில். ஷிப்மென்ட் டேபிளில் தேதி 2024 மார்ச் 15 என்று இருக்கிறது. போஸ்ட்கிரெஸின் சொந்தக் கட்டளைக் கருவியான பிஎஸ்க்யூஎல்லில் பார்த்தால் 15. என் கிரிடில் 14. எல்லா வரிகளிலும் இதே போல் ஒரு நாள் முந்தி. போன வாரம் மெர்ச்சண்டைசர் ஒருவர் என் இருக்கைக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு, பேக்கிங் பிரிவுக்குப் போன் போட்டு, லாரி நாளைக்கே கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி பத்துப் பேர் கூடுதல் ஷிப்ட் நின்று பெட்டி கட்டினார்கள். மறுநாள்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

இதில் புரியாத இன்னொன்று. எங்கள் நால்வரில் ஒருவருக்கு மட்டும் தேதி சரியாக வருகிறது. அதே எக்ஸ்டென்ஷன், அதே டேட்டாபேஸ். அவர் கிளவுடில் இருக்கும் டெஸ்ட் சர்வருக்குள் ரிமோட் எஸ்எஸ்ஹெச் (தூரத்துக் கணினியில் விஎஸ் கோடை வேலை செய்ய வைக்கும் இணைப்பு) வழியாகப் போய் வேலை செய்பவர். மூன்று தடவை அழித்து மறுபடி நிறுவிப் பார்த்துவிட்டோம். அவருக்குச் சரி, எங்களுக்குத் தப்பு.

கூடவே சின்னச் சின்னதாக இன்னும் சில. மரத்தைத் திறந்தால் முழுசாக வர 40 விநாடி ஆகிறது. பேக்கிங் டேபிளில் 12 லட்சம் வரிகள். தெரியாமல், எல்லா வரியையும் கேட்கும் செலக்ட் ஸ்டார் போட்டுவிட்டால் என் எக்ஸ்டென்ஷன் மட்டுமில்லை, மற்ற எக்ஸ்டென்ஷன்களும் சேர்ந்து உறைந்துபோகின்றன. ஃபங்ஷன் எழுதின ஃபைலை ஓட்டினால் நடுவிலேயே அறுந்து பிழை வருகிறது. அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் பிரித்துத்தான் ஒவ்வொன்றாக அனுப்புகிறேன்.

அடுத்த மாதம் கிரிடிலேயே திருத்தி சேமிக்கும் வசதியைச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன்னால் இதையெல்லாம் சரி செய்யணும்.

வைகைக்கரை:

தம்பி, அந்த ஒருவருக்குச் சரியாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. அவருடைய சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. உங்கள் லேப்டாப் இந்திய நேரத்தில் ஓடுகிறது. வேறு வித்தியாசம் எதுவும் இல்லை.

நடப்பது இதுதான். டேட்டாபேஸ் '2024-03-15' என்று வெறும் எழுத்தாகத்தான் அனுப்புகிறது. நோட் போஸ்ட்கிரெஸ் அதை வாங்கி ஜாவாஸ்கிரிப்டின் டேட் ஆப்ஜெக்டாக மாற்றுகிறது. தேதிக்கு நேரம் கிடையாது, ஆனால் டேட் ஆப்ஜெக்டுக்கு நேரம் கட்டாயம் வேண்டும். அதனால் உள்ளூர் நள்ளிரவு என்று வைத்துக்கொள்கிறது. அதாவது மார்ச் 15, இந்திய நேரம் 00:00. இதுவரை தப்பு இல்லை. அடுத்து இதை வெப்வியூவுக்கு அனுப்புகிறீர்கள். எக்ஸ்டென்ஷனிலிருந்து வெப்வியூவுக்குப் போகும் செய்தி ஜேசன் என்ற எழுத்து வடிவாக மாறித்தான் போகும். டேட் ஆப்ஜெக்ட் ஜேசனாக மாறினால் யுடிசி நேரத்தில் எழுதப்படும். இந்திய நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்தால் '2024-03-14T18:30:00.000Z' கிடைக்கிறது. கிரிடில் நேரம் வேண்டாம் என்று முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டி எடுத்திருப்பீர்கள். 14 வந்துவிட்டது.

உங்கள் நண்பருக்கு எக்ஸ்டென்ஷன் அவர் லேப்டாப்பில் ஓடவில்லை. ரிமோட் எஸ்எஸ்ஹெச்சில் இந்த மாதிரி எக்ஸ்டென்ஷன்கள் சர்வர் பக்கத்தில்தான் ஓடும். அங்கே நள்ளிரவும் யுடிசி நள்ளிரவும் ஒன்றே. கழிக்க எதுவும் இல்லை. அதனால்தான் 15. இதை மனதில் வையுங்கள், வேறு இடத்திலும் உதவும்: அவர் இணைப்பில் லோக்கல்ஹோஸ்ட் ('இதே கணினி') என்று போட்டால் அது அவருடைய லேப்டாப் இல்லை, அந்தச் சர்வர்.

தீர்வு ஒரே வரியில் முடியும். டேட் வகையின் எண் போஸ்ட்கிரெஸில் 1082. அந்த எண்ணுக்கு 'வந்ததை அப்படியே கொடு' என்று செட் டைப் பார்சர் (வரும் மதிப்பை எப்படி மாற்றுவது என்று அமைக்கும் ஃபங்ஷன்) போட்டால் 15 வந்துவிடும். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எழுதுவது டேட்டாவைக் காட்டும் கருவி. கணக்குப் போடும் கருவி இல்லை. அதற்கு டேட் ஆப்ஜெக்ட் எதற்கு, நம்பர் எதற்கு? கிளையண்ட் (டேட்டாபேஸோடு ஓர் இணைப்பு) உருவாக்கும்போதே டைப்ஸ் என்ற அமைப்பில் எல்லா வகைக்கும் எழுத்தை எழுத்தாகவே திருப்பித் தரும் பார்சரைக் கொடுத்துவிடுங்கள். டேட்டாபேஸ் என்ன சொன்னதோ அது, ஒரு எழுத்து மாறாமல், திரைக்கு வரும். மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் நல் (NULL) மட்டும் நல் ஆகவே வரும், பயம் வேண்டாம். கிரிடில் நல்லையும் காலி எழுத்தையும் வேறு நிறத்தில் காட்டுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீங்கள் திருத்தும் வசதி சேர்க்கப் போவதாகச் சொல்கிறீர்கள். இப்போது தப்பு திரையில் மட்டும்தான் இருக்கிறது. ஒருவர் அந்த வரியில் பெட்டி எண்ணிக்கையை மாற்றிச் சேமிக்கிறார், நீங்கள் முழு வரியையும் திருப்பி எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். 14 டேட்டாபேஸுக்குள்ளேயே போய்விடும். அடுத்தவர் திறந்தால் 13. ஒவ்வொரு சேமிப்பிலும் ஒரு நாள் பின்னால் நகரும். அதை அப்புறம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு. டைம்ஸ்டாம்ப் போஸ்ட்கிரெஸில் மைக்ரோ விநாடி வரை இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் டேட்டுக்கு மில்லி விநாடி வரைதான் தெரியும். கடைசி மூன்று இலக்கம் சத்தமில்லாமல் போய்விடும். பழைய மதிப்பை வைத்து 'வேர்' (WHERE, எந்த வரி என்று சொல்லும் பகுதி) போட்டால் அந்த வரி கிடைக்கவே கிடைக்காது. இரண்டாவது, பெரிய எண்கள். ஏற்றுமதிப் பெட்டியில் ஒட்டும் எஸ்எஸ்சிசி எண் 18 இலக்கம். ஜாவாஸ்கிரிப்ட் நம்பர் பிழையில்லாமல் தாங்குவது 9007199254740991 வரை, அது 16 இலக்கம். அதனால்தான் நோட் போஸ்ட்கிரெஸ் பிக்இன்ட் என்ற பெரிய முழு எண் வகையை எழுத்தாகக் கொடுக்கிறது. பலர் 'இது ஏன் மேற்கோளுக்குள் வருகிறது' என்று நம்பராக மாற்றிவிடுவார்கள். 9007199254740993-ஐ மாற்றிப் பாருங்கள், 9007199254740992 வரும். பெட்டி ஒன்று, எண் வேறு பெட்டியுடையது. நீங்கள் மாற்றியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

மரம்: டேபிள் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை வரி என்று காட்டுகிறீர்களா? 40 விநாடி என்றதும் அந்தச் சந்தேகம்தான் வந்தது. 340 டேபிளுக்கும் வரிகளை எண்ணும் கவுண்ட் ஸ்டார் ஓடினால் அவ்வளவு ஆகும். டேபிள்களின் விவரம் இருக்கும் பிஜி கிளாஸில் ரெல்டப்பிள்ஸ் என்ற ஃபீல்டு இருக்கிறது, தோராய எண்ணிக்கை அங்கேயே கிடைக்கும். போஸ்ட்கிரெஸ் 14-ஆம் பதிப்பு முதல், ஒரு தடவைகூட வாக்யூம் (பழைய வரிகளைச் சுத்தம் செய்வது), அனலைஸ் (புள்ளிவிவரம் எடுப்பது) ஆகாத டேபிளுக்கு அதில் -1 இருக்கும். அப்போது எதுவும் காட்டாமல் விட்டுவிடுங்கள். ஃபீல்டுகளையும் முதலிலேயே கொண்டுவர வேண்டாம். ஒரு முனையை 'மூடியது' என்ற நிலையில் கொடுத்தால், பயனர் அதைத் திறக்கும்போதுதான் விஎஸ் கோடு உங்கள் கெட் சில்ட்ரன் ஃபங்ஷனை அந்த முனைக்காகக் கூப்பிடும். அந்த நேரத்தில் அந்த ஒரு டேபிளுக்கு மட்டும் கேட்டால் போதும்.

உறைவது: எல்லா எக்ஸ்டென்ஷனும் வழக்கமாக எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் என்ற ஒரே நோட் பிராசஸில்தான் ஓடுகின்றன. 12 லட்சம் வரியை ஒரே மூச்சில் மெமரிக்கு எடுத்து ஜேசனாக மாற்றினால் அந்த ஒரு பிராசஸ் வேறு எதையும் கவனிக்காது. விடையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க பிஜி கர்சர் என்று ஒரு துணை லைப்ரரி இருக்கிறது. 500 வரி எடுங்கள், காட்டுங்கள், பயனர் கீழே உருட்டினால் அடுத்த 500. டேப் மூடினால் கர்சரையும் மூட மறக்காதீர்கள். பயனரின் குவெரிக்குப் பின்னால் நீங்களாக, வரி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் லிமிட் ஒட்டும் வழியும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. அவர் எழுதினது ஒன்று, ஓடுவது இன்னொன்று என்று இருக்கக் கூடாது.

அரைப்புள்ளி: ரெஜெக்ஸில் (எழுத்து அமைப்பைத் தேடும் சூத்திரம்) இது தீராது, நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ஒவ்வொரு எழுத்தாக நடந்துபோகும் சின்ன ஸ்கேனர் எழுதுங்கள், நூறு வரிக்குள் முடியும். ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள், இரண்டு கோடு கமெண்ட், சாய்கோடு நட்சத்திர கமெண்ட், அப்புறம் டாலர் மேற்கோள். உங்கள் ஃபங்ஷன் அறுந்தது இந்தக் கடைசி ஒன்றினால். $$ மட்டுமில்லை, $body$ என்று நடுவில் பெயரும் வரும். அதே பெயரோடுதான் மூடும். போஸ்ட்கிரெஸில் சாய்கோடு நட்சத்திர கமெண்டுக்குள் இன்னொரு கமெண்ட் வரலாம், அதற்கு ஆழத்தை எண்ணிக்கொண்டே போகணும்.

நெல்லைமகள்:

வைகைக்கரை அண்ணா டேட்டா பக்கம் முழுசாகச் சொல்லிவிட்டார். நான் டிபிஏ, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகி வேலை செய்பவள். இந்த மாதிரி கருவிகளின் மறுமுனையில், சர்வர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் இரண்டு விஷயம் கேட்கிறேன்.

தம்பி, குவெரியை பூல் (மாறி மாறிப் பயன்படும் பல இணைப்புகளின் தொகுப்பு) வழியாக அனுப்புகிறீர்களா, தனிக் கிளையண்ட் வழியாகவா? பூல் என்றால் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. டிரான்சாக்ஷனை (ஒன்றாக ஏற்கவோ திரும்பப் பெறவோ முடிகிற மாற்றங்களை) தொடங்க, பயனர் 'பிகின்' என்று ஓட்டுவார். அது பூலின் முதல் இணைப்பில் போகும். அடுத்து 'அப்டேட்' ஓட்டுவார். அது இரண்டாவது இணைப்பில் போகலாம். அங்கே பிகின் இல்லை, உடனே கமிட் ஆகி நிலைத்துவிடும். தப்பைப் பார்த்துப் பதறி, மாற்றத்தைத் திரும்பப் பெறும் 'ரோல்பேக்' அடிப்பார். திரையில் ரோல்பேக் என்று சரியாகவே வரும். டேட்டா திரும்பி வராது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், உள்ளுக்குள்ளேயே எழுதின ஒரு கருவியில் இது நடந்தது. விலைப் பட்டியல் டேபிள் முழுக்க ஒரே விலை. பேக்கப்பிலிருந்து மீட்டு, இடையில் நடந்த மாற்றங்களைக் கையால் சேர்க்க விடிய விடிய ஆனது. அந்தப் பையன் பிகின் போட்டுத்தான் ஓட்டினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் சொன்னது உண்மை என்று லாக் பார்த்த பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது.

அதனால் ஒரு எடிட்டர் டேபுக்கு ஒரு கிளையண்ட், அது மூடும் வரை அதே கிளையண்ட். மரத்துக்கு வேண்டுமானால் பூல் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படித் தனிக் கிளையண்ட் வைத்தால் அதற்கு ஒரு பொறுப்பும் உண்டு. பிகின் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் நிறைய. ஓடும் இணைப்புகளைக் காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' என்று மணிக்கணக்கில் நிற்கும். அது பூட்டிவைத்த வரிக்காக மற்றவர்கள் காத்துக் கிடப்பார்கள். வாக்யூமும் பழைய வரிகளைச் சுத்தம் செய்ய முடியாமல் நிற்கும். டிரான்சாக்ஷன் திறந்திருக்கிறது என்பதைக் கீழே ஸ்டேட்டஸ் பாரில் காட்டுங்கள். புரொடக்‌ஷன் இணைப்பு என்றால் சிவப்பு. ஸ்டேட்டஸ் பாரில் நாம் விரும்பிய நிறமெல்லாம் வைக்க முடியாது, எச்சரிக்கை, பிழை என்ற இரண்டு பின்னணிதான் விஎஸ் கோடு அனுமதிக்கும். நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

ரத்து செய்யும் பட்டனும் அவசியம். புரோகிரஸ் சாளரத்தை மூடுவது ரத்து இல்லை. சர்வரில் குவெரி ஓடிக்கொண்டேதான் இருக்கும். இணைப்பின் பிராசஸ் ஐடியை எடுத்து வைத்துக்கொண்டு, இன்னொரு இணைப்பிலிருந்து பிஜி கேன்சல் பேக்எண்ட் கூப்பிட வேண்டும். ரத்தாகாத செலக்ட் ஸ்டார்களை நான் கையால் நிறுத்தின நாட்கள் பல.

திருத்தும் வசதிக்கு: ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீ இல்லாத டேபிளில் திருத்தவே விடாதீர்கள். மாறின ஃபீல்டை மட்டும் எழுதுங்கள், பழைய மதிப்பு இன்னும் அதேதானா என்று 'வேர்' பகுதியில் சேர்த்துப் பாருங்கள். மாறின வரி எண்ணிக்கை சரியாக 1 இல்லை என்றால் ரோல்பேக். அப்புறம், பார்ப்பதற்கு மட்டும் இருப்பவர்களுக்குத் தனி ரோல் (அனுமதிகள் அடங்கிய பயனர் கணக்கு) கேட்டு வாங்குங்கள். 14-ஆம் பதிப்பிலிருந்து பிஜி ரீட் ஆல் டேட்டா என்ற ரோல் ஆயத்தமாகவே இருக்கிறது. டீஃபால்ட் டிரான்சாக்ஷன் ரீட் ஒன்லி என்று இணைப்பில் வைக்கிறார்கள், அதைப் பயனரே ஒரு செட் கட்டளையில் மாற்றிவிடலாம். ரோலை மாற்ற முடியாது.

பூட்டுசாவி:

யாரும் கேட்காத ஒன்று. பாஸ்வேர்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்? செட்டிங்ஸ் ஃபைலில் என்றால் அது ஒருநாள் கோடைச் சேமித்துப் பகிரும் கிட்டில் ஏறிவிடும். விஎஸ் கோடு எக்ஸ்டென்ஷனுக்குத் தரும் குளோபல் ஸ்டேட் என்றால், அது உங்கள் கணினியில் ஒரு எஸ்க்யூலைட் ஃபைலில் மறைக்காமல் கிடக்கிறது. திறந்து பார்த்தால் அப்படியே படிக்கலாம். ரகசியங்களை மறைத்து வைக்கும் செக்ரெட் ஸ்டோரேஜ் ஏபிஐ 2021 முதல் இருக்கிறது. ஹோஸ்ட், போர்ட், பயனர் பெயர் எல்லாம் செட்டிங்ஸில் இருக்கட்டும், பாஸ்வேர்டு மட்டும் அதற்குள் போகட்டும். மாற்றினவுடன் பழைய இடத்தில் இருப்பதை அழிக்கும் கோடையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

பனியன்நகர்க்காரன்:

வைகைக்கரை அண்ணா, நெல்லைமகள் அக்கா, பூட்டுசாவி, மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு நாள் ராத்திரி இதிலேயே உட்கார்ந்தேன்.

அண்ணா சொன்னபடி எல்லா வகையையும் எழுத்தாகவே எடுத்துவிட்டேன். 15 வருகிறது, நால்வருக்கும். முதல் பத்து எழுத்தை வெட்டியது உண்மைதான், என் கோடில் அப்படித்தான் இருந்தது. டைம்ஸ்டாம்ப் இப்போது சர்வர் தரும் வடிவிலேயே வருவதால் கிரிடின் மூலையில் அந்த இணைப்பின் டைம்ஸோனையும் எழுதிக் காட்டுகிறேன்.

எஸ்எஸ்சிசி விஷயத்தைப் படித்ததும் கை உதறிவிட்டது. 'எண்கள் வலப்பக்கம் நிற்கணும்' என்பதற்காக நம்பராக மாற்றியிருந்தேன். பேக்கிங் பிரிவிலிருந்து ஒரு பெட்டியின் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தேன். கடைசி இரண்டு இலக்கம் வேறாக இருந்தது. யாரும் இதுவரை அந்த எண்ணைக் கிரிடிலிருந்து நகலெடுத்துப் பயன்படுத்தவில்லை, கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

கவுண்ட் ஸ்டார்தான் மரத்தின் பிரச்சினை. 40 விநாடி இப்போது ஒரு விநாடிக்கும் கீழே. அக்கா, பூல்தான் வைத்திருந்தேன். நீங்கள் சொன்னதை டெஸ்ட் டேபிளில் செய்து பார்த்தேன்: பிகின், அப்டேட், ரோல்பேக். ஆறு தடவையில் இரண்டு தடவை டேட்டா திரும்பவில்லை. இரண்டு டேபில் ஒரே நேரத்தில் குவெரி ஓடும்போதுதான் அது நடந்தது, அதனால்தான் தனியாகச் சோதித்தபோது என் கண்ணில் படவே இல்லை. டேபுக்கு ஒரு கிளையண்ட் என்று மாற்றிவிட்டேன். திருத்தும் வசதியை ஒரு மாதம் தள்ளிவைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. சப்ளையர் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. நீளமான பெயரை 30 எழுத்தில் வெட்டி மூன்று புள்ளி வைக்கிறேன். சில பெயர்கள் தப்பாக முடிகின்றன. 'சாயப்பட்டறை' என்று முடியும் ஒரு பெயர் 'சாயப்பட்டற…' என்று நிற்கிறது. சிஎஸ்வியாக (கமாவால் பிரித்த எழுத்து ஃபைல்) எடுத்து எக்செலில் திறந்தால் தமிழ் மொத்தமும் குப்பையாக வருகிறது.

வைகைக்கரை:

நல்ல வேலை தம்பி. அந்தப் பெட்டி லேபிளை வாங்கி ஒப்பிட்டீர்களே, அதுதான் சரியான சோதனை.

சாயப்பட்டறை நமக்கு 7 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டுக்கு 11. துணைக்கால், புள்ளி, ஐகாரக் குறி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். ற-வுக்கும் ஐகாரக் குறிக்கும் நடுவில் உங்கள் கத்தி விழுந்திருக்கிறது. கிரிடில் நீங்கள் வெட்டவே வேண்டாம். முழுப் பெயரையும் கொடுத்துவிட்டு, இடம் போதாவிட்டால் மூன்று புள்ளி வைக்கும் வேலையை, வெப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸின் டெக்ஸ்ட் ஓவர்ஃப்ளோவுக்கு விடுங்கள். டேப் தலைப்பு மாதிரி கட்டாயம் வெட்ட வேண்டிய இடத்தில் ஜாவாஸ்கிரிப்டின் இன்டல் செக்மென்டர் இருக்கிறது. அது நாம் எண்ணுகிற மாதிரியே எழுத்துகளைப் பிரித்துக் கொடுக்கும்.

எக்செலுக்கு, ஃபைலின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற குறியை, யூனிகோடில் எஃப்இஎஃப்எஃப், முதல் எழுத்தாக எழுதுங்கள். ஃபைலின் எழுத்து முறை யுடிஎஃப் 8 என்று எக்செல் புரிந்துகொள்ளும், தமிழ் சரியாக வரும். ஆனால் சிஎஸ்வியை இரட்டைக் கிளிக்கில் திறந்தால் 18 இலக்க எஸ்எஸ்சிசியை எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் பூஜ்யமாக்கிவிடும். பேக்கிங் ஆட்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் எக்செலின் சொந்த வடிவான எக்ஸ்எல்எஸ்எக்ஸாகவே எழுதி, அந்த ஃபீல்டை எழுத்து வகை என்று குறித்துக் கொடுங்கள்.